பத்தியம் இல்லாத மருந்து

மலாய் நாட்டில், ஈப்போவில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வெள்ளைக்காரர்கள் வந்தால் பேச்சே இருக்காது. டாக்டர் சீட்டை நீட்டுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை பார்ப்பார்கள். வெள்ளைத் தாளில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். என்ன மருந்து, எதற்கு, எதைத் தின்னக்கூடாது, ஒரு கேள்வி கிடையாது. கப்பலை விட்டு இறங்கிய புதிதில் இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கும்பகோணத்தில் நான் கம்பவுண்டராக இருந்தபோது, ஒரு குப்பி மருந்து கொடுத்து அனுப்புவதற்குள் அந்த வீட்டு வழக்கு வாய்தா முழுவதும் என் காதில் விழுந்துவிடும்.

கடையின் ஒழுங்கை நான் குறை சொல்ல மாட்டேன். விஷ மருந்துகளுக்குத் தனி அலமாரி, அதன் சாவி கடை முதலாளியான வெள்ளைக்காரத் துரையின் இடுப்பில். அந்தக் குப்பிகளின் பக்கங்களில் வரி வரியாக மேடு இருக்கும். கண் ஏமாந்தாலும் கை ஏமாறாது. நான் கலக்குவதை ஆ செங் என்ற சீனக் கூட்டாளி சரிபார்ப்பான்; அவன் கலக்குவதை நான் சரிபார்ப்பேன். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் இதற்காக ஒரு மனத்தாங்கல்கூட வந்ததில்லை. மருந்துக் குப்பியின் மேல் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டுவோம். ஒரு வேளைக்கு ஒரு பல். படிக்கத் தெரியாதவனும் அளவு பார்த்துக் குடிக்கலாம். ஊரில் நாமோ கைக்கு வந்தபடி ஊற்றிக் கொடுத்துவிட்டு, மீதியைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம்.

இவ்வளவு பக்குவமான கடையின் மருந்தால்தான் அஞ்சலையின் புருஷனுக்குக் காது அடைத்துப்போனது.

அஞ்சலை சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவள். சின்னத் தோட்டம்; ஆஸ்பத்திரி இல்லை. எப்போதாவது வந்துபோகும் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, புருஷனின் குளிர்காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தாள். கொயினா மருந்தைக் கலக்கிக் கொடுத்து, வேளைக்கு ஒரு பல் என்று காட்டினேன். அவள் நகரவில்லை.

"பத்தியம் என்னாண்ணே?"

"பத்தியம் ஒன்றும் இல்லை அம்மா."

"புளி சேத்துக்கலாமா? கருவாடு?"

"எல்லாம் சாப்பிடலாம்."

அவள் குப்பியைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவோமே, அந்தப் பார்வை. அடுத்த வாரமே திரும்பி வந்தாள். புருஷன் முக்கால் குப்பியை ஒரே நாளில் குடித்திருக்கிறான். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. சீக்கிரம் எழுந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். வாந்தி, தலைசுற்றல், காதுக்குள் ஓயாத இரைச்சல். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்கவில்லையாம். "நீங்கதானேண்ணே பத்தியம் இல்லேன்னீங்க. பத்தியமே இல்லாத மருந்து என்னா பண்ணிரும்னு குடிச்சிட்டாரு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயசில் மஞ்சள் காமாலை வந்தது. வைத்தியர் உப்பும் எண்ணெயும் ஆகாது என்றார். எனக்குத்தான் சொன்னார், ஆனால் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏறவில்லை. அம்மாவும் அண்ணன்மார்களும் என்னோடு சேர்ந்து உப்பில்லாமல் தின்றார்கள். பெரியண்ணன் மட்டும் கோயில் வாசலில் வடை வாங்கித் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். பத்தியம் என்றால் நமக்கு அதுதான். வீடு முழுவதும் ஒரு நோயைச் சுற்றி உட்கார்ந்து காவல் காப்பது. பத்தியம் சொல்லாமல் ஒரு குப்பியைக் கையில் திணித்தால் அதை யார் காவல் காப்பார்கள்?

அன்றிலிருந்து நம் ஆட்கள் யார் வந்தாலும் நான் பத்தியம் சொல்லத் தொடங்கினேன். புளி ஆகாது, கருவாடு ஆகாது, கள் வாசனையே ஆகாது. வேளைக்கு ஒரு பல்லுக்கு மேல் குடித்தாலும் பத்தியம் முறிந்துவிடும். இந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் முன்னால் சொன்ன அத்தனையும். பலித்தது. கொடுத்த மருந்தைக் கொடுத்தபடி குடித்தார்கள்.

துரைக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது ஒரு ரயில்வே கிராணியால், அதாவது குமாஸ்தாவால். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர்தான். இங்கே மருந்து வாங்கிய தன் வீட்டு வேலைக்காரன் கருவாட்டைத் தொட மாட்டேன் என்கிறானே, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று துரையிடமே இங்கிலீஷில் கேட்டுவிட்டார். துரை என்னைக் கூப்பிட்டார். பத்தியம் என்பதை எப்படிச் சொல்வது? மலாய்க்காரர்கள் பந்தாங் என்பார்களே, அதுதான் என்றேன். துரைக்குப் பந்தாங் தெரியும். பிள்ளை பெற்ற வீட்டில் பேய் அண்டாமல் இருக்கச் செய்கிற காரியம் என்று தெரிந்து வைத்திருந்தார். "என் கடையில் பேய்க்கு மருந்து விற்பதில்லை" என்றார். பேய் இல்லை, அளவு என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஒருத்தி கருவாடு தின்று பார்ப்பாள். ஒன்றும் ஆகாது. அப்புறம் அளவைப் பற்றி நீ சொன்னதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?" நியாயமான கேள்விதான். இன்னொரு முறை இந்தப் பேச்சு கடைக்குள் கேட்டால் நான் கப்பலேற வேண்டியதுதான் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஒரு மாசம் போயிருக்கும். அஞ்சலை மறுபடி வந்தாள். இந்த முறை இடுப்பில் அவள் மகள். காய்ச்சலில் கன்னம் காய்ந்து, கண் செருகிக் கிடந்தது குழந்தை. துரை பக்கத்து மேசையில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் சீட்டைப் பார்த்து நான் மருந்தைக் கலக்கினேன், ஆ செங் சரிபார்த்தான், பட்டை ஒட்டினோம். சின்ன உடம்பு, அளவு தப்பினால் தாங்காது. வேளைக்கு ஒரு பல் என்று இரண்டு தரம் சொன்னேன்.

"பத்தியம்?"

நான் துரையைப் பார்த்தேன். அவர் கூடாது என்று தலையை ஆட்டினார்.

"இல்லை அம்மா."

அவள் குப்பியை மேசைமேல் வைத்துவிட்டாள். "போன தடவையும் இப்பிடித்தாண்ணே சொன்னீங்க. எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். துரை என் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

எனக்கு ஊரில் இரண்டு தங்கைகள், கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். அதையெல்லாம் நினைத்துப் பார்க்க அப்போது நேரம் இல்லை. குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடை வாசலுக்கு வெளியே, அஞ்சடி நடைபாதையில் அவளை மறித்தேன். "புளி ஆகாது, கருவாடு ஆகாது, உனக்கும் உன் புருஷனுக்கும் சேர்த்துத்தான். வேளைக்கு ஒரு பல். ஒரு சொட்டு கூடினாலும் பத்தியம் முறிஞ்சு போகும்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பினால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் துரை. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளியே போய்ப் பேசுவதானால் கடை அங்கியைக் கழற்றிவிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் கதவுக்கு உட்புறம் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தது.

அன்று முதல் இதுதான் என் பிழைப்பு. உள்ளே சீட்டில் உள்ளதைச் சொல்கிறேன். பிறகு அங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, அஞ்சடிக்குப் போய் மீதியைச் சொல்லிவிட்டு வருகிறேன். ஆ செங் சிரிக்கிறான், சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் அப்படி ஒருவருக்குச் சொல்லிவிட்டு வந்து அங்கியை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் அஞ்சலை. குழந்தை தெளிந்து, அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டு நாளாயிற்று. புருஷனுக்கும் காது பாதி திரும்பிவிட்டதாம். எதற்கு வந்தாய் என்றேன்.

"பத்தியத்தை முடிச்சுக்கலாமாண்ணே? நீங்க சொல்லலியே, அதான் நாங்க யாரும் இன்னும் புளி சேக்கல."

பத்தியம் சொன்னவன்தான் அதை விடுவிக்க வேண்டும். எனக்கு அது எப்படி மறந்துபோயிற்று? இல்லாத பத்தியத்தை மூன்று பேரும் இத்தனை நாளாகக் காத்து வந்திருக்கிறார்கள். உள்ளே துரை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கை அங்கிக்குள்ளும் மறு கை வெளியிலுமாக, "சேத்துக்கலாம் அம்மா" என்றேன்.