ஆர்மீனிய எல்லையில் என் காவல்

ஆராய்ச்சி மாணவன் என்பவன் யாரும் கேட்காத கேள்விக்கு விடை தேடி அலைபவன். நீங்களும் அந்த நுகத்தில் பூட்டுண்டவர் என்றால் விளக்கத் தேவையில்லை. எழுபதுகளில், ரொறன்ரோவில், நான் பிடித்துக்கொண்டது பைசாந்தியப் பேரரசு ஆர்மீனிய எல்லைக் கோட்டைகளில் நிறுத்தியிருந்த ஒரு படைத்தலைமையை.

தேயிலையா, கோட்டையா

யாழ்ப்பாணத்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை ஆராய்ந்தால் போதாதா என்பது பேராசிரியரின் கட்சி. கோடைக்கு முன் ஆர்மீனிய மொழியிலுள்ள வரலாற்று நூல் ஒன்றைத் தன் முன்னால் வாசித்துக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் தேயிலைதான் என்று கெடு வைத்துவிட்டார். எனக்குப் பிடிவாதம் தலைக்கேறியது. ஒரு விருந்தில் இதைச் சொல்லிப் பொருமியபோது, ஸ்காபரோவில் இருக்கும் அண்ணை ஒருவர் கோழிக்காலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உந்தச் சண்டை முடிஞ்சு ஆயிரம் வருசம். நீர் ஏன் இன்னும் காவல் நிக்கிறீர்?"

சின்ன வாங்கு

ஆர்மீனியத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு. முழங்கால் மோவாயில் இடிக்க, சின்ன வாங்கில் நானும் குந்தினேன். பனிக்காலம் முடியும்போது ஆர்மீனியக் கடைக்காரரோடு விலை பேசுமளவுக்குத் தேறிவிட்டேன்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நூலகத்தில் அந்த வரலாற்று நூலைத் திறந்தால், ஒரு வரியும் விளங்கவில்லை. அது பழைய மொழி. நான் படித்தது இன்றைய பேச்சு. சந்தைத் தமிழை வைத்துக்கொண்டு சங்கப்பாட்டைத் திறந்தவன் கதைதான். அழுகையே வந்துவிட்டது. லெபனானிலிருந்து வந்த ஆசிரியை ஆறுதல் சொன்னார்: "மற்றப் பிள்ளைகள் ஒரு வகுப்பு மேலே ஏறவேண்டும். நீ ஆயிரம் வருடம் கீழே இறங்கவேண்டும், அவ்வளவுதான்."

ஞாயிறு பூசை

தேவாலயப் பூசை இன்றும் பழைய மொழியில்தான் என்று அவரே வழியும் காட்டினார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. கையில் செபப்புத்தகம், கண் எழுத்தில், காது பாதிரியார் வாயில். வீட்டில் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாசலை மறித்தாள்: "இஞ்சருங்கோ, உங்களுக்குப் பட்டம் கிடைக்கட்டும். பிள்ளையாருக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

கெடு நாள்

பேராசிரியர் தானே ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். பனியில் அடைபட்ட ஒரு கோட்டைக் காவலைப் பற்றியது. முதல் வரியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பூசைக்கு நிற்பதுபோல எழுந்து நின்றேன்; பிறகு வாசிப்பு வந்தது. வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்: "மிக மெதுவாக வாசிக்கிறாய். ஆனால் பிழையில்லை. தேயிலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்."

அந்தப் படை எப்போதோ கலைந்துவிட்டதென்று நூல்கள் சொல்கின்றன. அதன் கடைசிச் சிப்பாய் ஸ்பாடைனா வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றது அவற்றுக்குத் தெரியாது.