முன்னால் இருப்பவர் திரும்பக் கூடாது

சவரிமுத்துவின் மூத்த மகள் காலை ஏழரை மணிக்குத் தொலைபேசி எடுத்தாள். "அன்ரி, அப்பா விடிய வெள்ளன போயிட்டார்" என்றாள். நான் வழக்கம்போல் எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் இருந்தது, பூசை எப்போது என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான், அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது உறைத்தது.

அம்பிட்டியவில் நடந்த அடக்கத்துக்குப் போனேன். தகப்பன்மாரையும் மகன்மாரையும் வருடத்துக்கு ஒருமுறை ரந்தெனிகல நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப்போய், மூன்று நாள் வள்ளம் வலித்து மீன் பிடிக்க வைத்தவர் அவர் என்பது அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தத் தகப்பன்மாரில் அநேகர் இன்று இல்லை. மகன்மார் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். அவரோடு தண்ணீரில் இறங்கியவர்கள் என்று கல்லறையடியில் நின்றது இரண்டே பேர். ஒருவர் மருந்துக்கடை பொன்னையா. மற்றது நான்.

நான் எப்படி அந்தக் கணக்கில் வந்தேன் என்று இளையவர்கள் கேட்கக்கூடும். அதைச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

என் கணவரும் சவரிமுத்துவும் நில அளவைத் திணைக்களத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். சவரிமுத்து எந்தப் பெண்ணையும் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். "எனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள், மூன்றாவது தேவையில்லை" என்று ஒருநாள் சொன்னேன். அதன் பிறகு ஒரு வருடம் முழுவதும், எழுந்து நின்று கைகட்டி, "ஓம் மேடம்" என்றார். கடைசியில் நானே தங்கச்சிக்கு இறங்கிவந்தேன்.

கணவர் ஒரு மார்ச் மாதத்தில் ஆசுப்பத்திரியில் இறந்தார். மகன் டெரன்சுக்கு அப்போது பதினைந்து வயது. அவன் அழவில்லை, கதைக்கவும் இல்லை. "சோறு போடவா?" என்று நான் கேட்பேன், "காணும், போதும்" என்று அவன் சொல்வான். ஐந்து மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவ்வளவுதான் பேச்சு. பெரிய வீடு அது. அவன் அறைக் கதவு பூட்டுகிற சத்தம் குசினியில் சமைக்கும்போதும் கேட்கும். ஒழுங்காகப் பேசு, நிமிர்ந்து இரு, முகத்தைப் பார்த்துப் பதில் சொல் என்று நான் அவனைத் திருத்திக்கொண்டே இருந்தேன். வேறு எப்படிக் கிட்டப்போவது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பிள்ளையையும் இழந்துவிட்டேனோ என்ற பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஓகஸ்ட் விடுமுறைக்கு முன் சவரிமுத்து வந்து, பெடியனை நீர்த்தேக்கத்துக்கு அனுப்பச் சொன்னார்.

"என் பிள்ளைக்கு இரவல் தகப்பன் வேண்டாம்" என்றேன்.

"இரவல் குடுக்க என்னட்டையும் ஒருத்தரும் இல்லை. நீங்களே அவனோட வாங்கோ."

"நான் பெண்."

"வள்ளத்துக்கு அது தெரியாது, தங்கச்சி."

போனேன். என் கணவரின் காற்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு போனேன். கரையில் என்னைக் கண்டதும் பொன்னையா, "ஐயோ, மேலதிகாரி வந்திட்டா! போத்தலை ஒளியுங்கோ" என்றார். "ஒளிச்சு வைச்சுப் பிடிபட்டால் இன்னும் பிழை. பேசாமல் அவவிட்டையே குடுத்து வை" என்றார் சவரிமுத்து. டெரன்ஸ் வேறு பக்கம் பார்த்தான். ஆனால் அவன் தோள் சிரிப்பில் குலுங்கியதை நான் கண்டேன்.

அவை இரண்டு பேர் இருக்கும் ஒடுங்கிய பைபர் வள்ளங்கள். பின்னால் இருப்பவர்தான் திசை பிடிக்க வேண்டும். பெரியவள் என்ற முறையில் பின்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. துடுப்பை நேரே பிடி, முதுகை வளைக்காதே, தண்ணீரை ஏன் அடிக்கிறாய். வள்ளம் நின்ற இடத்திலேயே வட்டமிட்டது. சவரிமுத்து தன் வள்ளத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"தங்கச்சி, நீங்கள் வள்ளத்தை ஓட்டேல்லை. பிள்ளையை ஓட்டுறீங்கள்."

கரைக்குக் கொண்டுபோய் இடத்தை மாற்றி வைத்தார். டெரன்ஸ் பின்னால், நான் முன்னால். "ஒரு சட்டம்தான். முன்னுக்கு இருக்கிறவர் திரும்பக் கூடாது. திரும்பினால் வள்ளம் பிரளும். பின்னுக்கு இருக்கிறவரை நம்ப வேணும்."

எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. பிள்ளை என்ன செய்கிறான் என்று தெரியாது. துடுப்பின் சத்தம் மட்டும் கேட்கும். ஆனால் வள்ளம் நேராகப் போனது.

மறுநாள் காலை, அணை கட்டிய காலத்தில் மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் நிற்கும் ஓர் ஒதுக்கில் தூண்டில் போட்டிருந்தோம். அக்கரையில் காடு. அசைவே இல்லாத தண்ணீர். முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா போன அண்டைக்கு அவர் என்னை ஆசுப்பத்திரியில நிக்கச் சொன்னவர், அம்மா. நான் நிக்கேல்லை."

"உன்னைப் போகச் சொன்னது நான்தானே."

"நீங்கள் ரியூசனுக்குப் போகச் சொன்னீங்கள். நான் கிரிக்கெட் மச் பார்க்கப் போனனான்."

அதன் பிறகு அவன் அழுகிற சத்தம். என் இடுப்பு தானாகத் திரும்பியது. வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. தூரத்திலிருந்து சவரிமுத்து கத்தினார்: "தங்கச்சி! திரும்பாதேங்கோ!"

அவருக்கு எங்கள் கதை கேட்டிருக்க முடியாது. வள்ளம் ஆடியதைத்தான் கண்டிருப்பார். நான் காட்டைப் பார்த்தபடி இருந்தேன். என் முகத்தில் வழிந்ததை அவனும் பார்க்கவில்லை. அவன் ஐந்து மாதத்துப் பேச்சையும் என் முதுகுக்குச் சொன்னான். நான் எதையும் திருத்தவில்லை. அன்று நாங்கள் ஒரு மீனும் பிடிக்கவில்லை. மற்ற வள்ளங்களில் திலாப்பியா நிறைந்திருந்தது. "தாயும் மகனும் மீனுக்கு உபதேசம் செய்து அனுப்பிவிட்டினம்" என்று பொன்னையா சொன்னார். சவரிமுத்து ஒன்றும் கேட்காமல் எங்கள் இருவர் தட்டிலும் பொரித்த மீனை வைத்தார்.

அவருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் கேக் கொடுத்தனுப்பினேன், அவ்வளவுதான். கடைசி வருடம் அவர் ஆட்களை மறக்கத் தொடங்கியதும், என்னையும் தெரியாமல் போனால் தாங்கமாட்டேன் என்று அம்பிட்டிய மேட்டில் அவர் வீட்டுக்குப் போவதையே நிறுத்தினேன். அது பெருமை அல்ல, கோழைத்தனம். அவர் முன்னால் சொல்லாததை உங்கள் முன்னால் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு டெரன்ஸ் ஒஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து வீடியோவில் வந்தான். அவன் ஒவ்வொரு ஞாயிறும் வருவான். "சுகம்" என்பான், என் மருந்துகளை விசாரிப்பான், பத்து நிமிடத்தில் போய்விடுவான். நான் அவன் தாடியையும் கண்ணுக்குக் கீழ் கறுப்பையும் பார்த்து ஏதாவது சொல்வேன். அன்று சவரிமுத்து போன செய்தியைச் சொன்னேன். அவன் முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டான். நான் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"அம்மா? உங்கட முகம் தெரியேல்லை."

"தெரிய வேண்டாம். நீ கதை."

சவரிமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். டெரன்ஸ் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தான். அவனுக்கு அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் முழுதாக அறிந்தேன். அது இங்கே எழுதுவதற்கு உரியதல்ல.