டாக்குரியாவில் ஒரு பள்ளி, புத்தகம் தொடாத நாளில்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரப்போகிறவர்கள், குழந்தைக்குப் பள்ளி பார்க்க எத்தனை நாள் ஒதுக்குவது என்று கேட்டு எழுதுகிறீர்கள். 2006 பிப்ரவரி முதல் வாரத்தில் நான் இரண்டே நாள் ஒதுக்கினேன், அதில் ஒன்றைக் கோட்டை விட்டேன். முழுதாகச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு ஜனவரியில் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்துக்கு மாற்றல். லேக் கார்டன்ஸில் வீடு பிடித்துவிட்டார். பள்ளி பார்ப்பது என் பொறுப்பு. மகள் அபிக்கு ஏழு வயது. சென்னையில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஒரு நாள் எழுந்து நின்று வாசிக்கும்போது தடுமாறினாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து ஏழு மாதமாக, வீட்டில் வாய் ஓயாத பெண் பள்ளியில் வாயே திறக்கவில்லை. புதுப் பள்ளியிலும் இப்படியே ஊமையாக உட்கார்ந்துவிடுவாளோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று.

சென்னையிலிருந்து ஹௌராவுக்கு 1,660 கிலோமீட்டர். காலை ஒன்பதுக்கு ஏறி மறுநாள் மதியம் ஒன்றரைக்கு இறங்கினோம். ஸ்டேஷன் வாசலிலேயே பிரீபெய்டு டாக்ஸி, லேக் கார்டன்ஸ் வரை 130 ரூபாய். வழியெல்லாம் சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று, வீணையும் கையுமாகச் சரஸ்வதி சிலைகள் விற்பனைக்கு நின்றன. நான்கு படம் எடுத்தேன். நாளைக் காலைக்குள் ஒன்றுகூட மிஞ்சாது என்றார் டாக்ஸிக்காரர். நல்ல வியாபாரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சரஸ்வதி பூஜைதான் நமக்கு அக்டோபரிலேயே முடிந்துவிட்டதே!

அன்று மாலையே ஒரு பெரிய பள்ளியைப் பார்த்தோம். பளபளவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலைக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அன்று மதியம் இரண்டரைக்கு எங்களுக்குத் திரும்பும் ரயில். மாடி வீட்டு வங்காள அம்மாள், நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிறவர், டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளி இருப்பதாகச் சொன்னார். சில வருடம் முன்பு வரை அது ஆட்டுக்கொட்டில் மாதிரி கிடந்ததாம். இப்போது போய்ப் பாருங்கள், நாளைக்கே போங்கள், நாளை நல்ல நாள் என்றார். நாளும் கிழமையும் பார்க்கிற மனுஷி என்று மெச்சிக்கொண்டேன்.

வியாழன் காலை ஒன்பதரை. ஷேர் ஆட்டோவில் தலைக்கு ஐந்து ரூபாய், பத்து நிமிடம். டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து ஆறு நிமிட நடை. தெருவில் சிறுமிகள் எல்லோரும் மஞ்சள் புடவையில் போய்க்கொண்டிருந்தார்கள். "இங்க யூனிஃபார்ம் மஞ்சள் போலிருக்குடி" என்று அபியிடம் சொன்னேன்.

மூன்றே அறைகள், நாற்பத்து மூன்று பிள்ளைகள். என் பையில் பதினான்கு கேள்விகளும், இரண்டாம் வகுப்பு ஆங்கில வாசிப்புப் புத்தகம் ஒன்றும் தயார். கிட்டே இருந்த ஒரு சிறுமியிடம் புத்தகத்தை நீட்டி, வாசி என்றேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் எதிரே இருந்த சரஸ்வதியையும், அவள் காலடியில் குவிந்திருந்த புத்தகங்களையும் பார்த்தேன். ஓரமாகப் போய்க் கணவரை மொபைலில் பிடித்தேன்.

"இங்க இன்னிக்குத்தான் சரஸ்வதி பூஜை. ஒரு பிள்ளையும் புத்தகத்தைத் தொடாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

தலைமையாசிரியையை எல்லோரும் பொர்தி, அதாவது பெரியக்கா, என்று அழைத்தார்கள். தடித்த கண்ணாடி, பெரிய சிரிப்பு. என் புத்தகத்தை மரியாதையாக வாங்கி மற்றவற்றோடு அம்மன் காலடியில் வைத்துவிட்டார். என் பரீட்சை சாமிக்குப் போய்விட்டது.

என் அரைகுறை ஹிந்தியில் அபியின் கதையைச் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார். ஆறு வருடம் முன்பு வந்தபோது பதினோரு பிள்ளைகள், ஒழுகும் கூரை. நான்காம் வகுப்புக்கே எழுத்துக் கூட்டத் தெரியாதாம். அவர் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் ஒரு பெரிய பிள்ளையைத் துணை சேர்த்தார். யாரும் வகுப்பின் முன் தனியாக எழுந்து வாசிக்கக் கூடாது; முதலில் துணையிடம் மட்டும். இவள் தயார் என்று துணை கை தூக்கினால்தான் வகுப்புக்கு வாசிப்பு. சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததால் பெரிய பிள்ளைகளும் உட்கார்ந்து படித்தார்களாம். இதைக் கேட்டதும் அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அன்று எழுத்தைத் தொட அனுமதி புதுப் பிள்ளைகளுக்கு மட்டும். நம் விஜயதசமி போல சிலேட்டில் முதல் எழுத்து. அபியையும் உட்காரவைத்தார்கள். துணையாகப் பின்னால் உட்கார்ந்தவள் மாம்பி, ஒன்பது வயது. நான் புத்தகத்தை நீட்டிய அதே சிறுமி. வீட்டு மொழியில் எழுதச் சொன்னார் பொர்தி. அபி "அ" எழுதினாள். இது என்ன என்று மாம்பி விரலால் காட்டிக் கேட்டாள்.

"அ" என்றாள் அபி. எனக்கே கேட்டது.

மாம்பி தலையாட்டிவிட்டு சிலேட்டைத் தொடாமல் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தாள். சுழி தப்பிப் போயிற்று. "இப்படி இல்ல, இங்கேருந்து சுத்தணும்" என்று அபி தமிழில் அதட்டினாள். பத்து நிமிடத்தில் ஐந்தாறு மஞ்சள் புடவைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பதினான்கு கேள்வியும் பையிலேயே கிடந்தன. பூஜைக்குச் செய்த கிச்சுடி என்கிற அரிசி பருப்புப் பொங்கலும் இலந்தைப்பழச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு, விண்ணப்பத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். சாமியிடம் இருந்த புத்தகத்தை அபி ஏப்ரலில் வந்து வாங்கிக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பள்ளி தேடி வருகிறவர்களுக்கு: குறைந்தது நான்கு நாள் ஒதுக்குங்கள். டிக்கெட் எடுக்கும் முன் உள்ளூர்ப் பண்டிகைகளைக் கேளுங்கள், கணவரை நம்பாதீர்கள். கட்டடத்தையும் கையேட்டையும் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் பிள்ளையை ஒரு மணி நேரம் அங்கே விட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள்.

இது ஜூலை. மூன்று வாரமாக அபியும் மாம்பியும் மூலையில் அந்த ஆங்கிலப் புத்தகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொர்தி சொல்லியிருந்தார். நானும் எதுவும் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்று மாலை அபி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள்.

"அம்மா, மாம்பி கை தூக்கிட்டா."