சிவப்புத் துணியை அவிழ்த்த மதியம்

போன வருடம் ஐப்பசி, விட்டு விட்டு மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. புதுச்சேரியில் ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போனால் பாட்டு ஒன்று முடிவதற்குள் வந்துவிடும் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டர். அங்கே நடந்தது இது.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் விமானப்படையில் ஏவியானிக்ஸ் டெக்னீஷியனாக இருந்தவன். விமானத்தின் ரேடியோ, திசை காட்டும் கருவி, உயரம் சொல்லும் கருவி, இவற்றுக்கு நடுவே ஓடும் ஆயிரம் ஒயர்கள், இதெல்லாம் எங்கள் பிரிவு. இடது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று மருத்துவக் காரணம் காட்டி என்னை வெளியே அனுப்பியபோது எனக்கு இருபத்தேழு வயது. மீசை சரியாக அடர்வதற்குள் 'முன்னாள் ராணுவத்தினர்' ஆகிவிட்டேன்.

எங்கள் ஊரில் பட்டாளத்தில் இருந்தேன் என்று சொன்னால் முதல் கேள்வியே "எந்தப் பட்டாளம், பிரெஞ்சா, நம்மளுதா?" என்பதுதான். நம்முடையது, பிரெஞ்சு பென்ஷனெல்லாம் வராது என்றதும் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கல்யாணப் பேச்சில் இருந்த ஆர்வம் பாதியாகக் குறைந்தது. மற்ற ஊர்களிலாவது ராணுவ கேன்டீன் பாட்டிலுக்காக நண்பர்கள் சேருவார்கள். சரக்கு மலிவாகக் கிடைக்கும் புதுச்சேரியில் அதற்கும் மதிப்பில்லை.

வேலை தேடிப் போன இடங்களில் இன்னும் வேடிக்கை. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் என் அனுபவத்தை மூச்சுவிடாமல் விளக்கினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டவர், செக்யூரிட்டி சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது என்றார். விமானத்தைப் பழுது பார்த்தவனுக்குக் கேட்டைப் பார்க்கும் வேலை. கடைசியில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் சர்க்யூட் படம் படிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். புதியவன் என்பதால் தகுதிகாண் காலம் வைத்திருந்தார்கள். நானோ ஒரு மாதத்திலேயே கம்பெனியைத் திருத்திவிடும் வேகத்தில் இருந்தேன்.

விமானப்படையில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஒரு விமானத்தில் சந்தேகம் இருக்கிறது என்று கடைநிலை டெக்னீஷியன் சொன்னாலும் போதும், அது கிளம்பாது. எவ்வளவு பெரிய அதிகாரி வந்து நின்றாலும் சந்தேகம் தீரும்வரை தரையில்தான் நிற்கும். தொடக்கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புப் பட்டை தொங்கும். அந்தப் பழக்கத்தை நான் வெளியேயும் கொண்டுவந்தேன். அம்மாவிடம் சொல்லி சிவப்புத் துணியில் பட்டைகள் தைத்து வாங்கி, டூல் பையிலேயே வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வந்த புகார் இதுதான். ஒரு டயாலிசிஸ் மெஷின், சிகிச்சை நடக்கும்போது திடீரென்று தண்ணீரின் சூடு சரியில்லை என்று அலாரம் அடித்து நின்றுவிடுகிறது. எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. நான் காலையிலேயே போய் மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கம் திறந்து, சூட்டை அளக்கும் சென்சார், ஒயர், கனெக்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரி. ஓட்டிப் பார்த்தால் சமத்தாக ஓடியது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் சமத்து.

படையில் இந்த மாதிரி நேரத்தில் அந்தப் பெட்டியையே கழற்றிவிட்டு ஸ்டோரிலிருந்து வேறு பெட்டி மாட்டுவோம். இங்கே மாற்றுப் பாகம் சென்னையிலிருந்து திங்கட்கிழமை வரவேண்டும். ஆகவே பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து மெஷினில் கட்டினேன். அங்கே வேலை பார்க்கும் டயாலிசிஸ் டெக்னீஷியன் பெண், என் வயதுதான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், மாதாவுக்கு வேண்டுதலா?" என்றாள். திங்கள்வரை யாரும் இதைத் தொடக்கூடாது என்றேன். அவள் சிரிப்பு நின்றது. மதிய ஷிஃப்டுக்கு ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.

வெளியே பெஞ்சில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். அரியாங்குப்பத்தில் தையல் கடை வைத்திருப்பவர். கணவர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வாரைக்கூட மாட்ட முடியாமல் விட்டிருந்தார். போன முறை இதே மெஷின் அலாரம் அடித்ததால் பாதியிலேயே இறக்கி அனுப்பியிருக்கிறார்கள். மற்ற மெஷின்களில் ஆள் படுத்திருந்தார்கள். காலியாக இருந்த ஒன்று, மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்கென்று ஒதுக்கியது. அதில் இவரைப் படுக்க வைக்க முடியாது. வேறு இரண்டு இடங்களுக்குப் போன் போட்டும் இடமில்லை என்றார்கள்.

நான் போய் அவரிடம் நல்ல பிள்ளையாக விளக்கினேன். விமானப்படையில் இருந்தவன் நான், சந்தேகம் இருந்தால் விமானத்தையே பறக்க விடமாட்டோம், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று. அவர் பொறுமையாகக் கேட்டார். பேசும்போது நடுவே நடுவே மூச்சு வாங்கினார்.

"சரிதான் தம்பி. பிளேன் ரிப்பேர்னா தரையில நிக்கும். ஒண்ணும் ஆவாது. நான் எங்க போயி நிக்கிறது, சொல்லு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பதுபோல் கேட்டார். பறக்காத விமானம் யாருக்கும் கெடுதல் செய்யாது. இத்தனை வருடம் என் பாதுகாப்பு உணர்வு முழுவதும் அந்த ஒரு நம்பிக்கைமேல்தான் நின்றிருந்தது. இந்த மெஷின் நின்றால் ஒருவர் உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். இங்கே தரை என்று ஒன்று கிடையாது.

அதற்காகச் சந்தேகத்தோடு மெஷினை ஓட்டிவிடவும் முடியாது. சென்னையில் இருக்கும் எங்கள் சீனியரைப் போனில் கூப்பிட்டேன். பாகம் வரும்வரை நிறுத்தி வைத்தாலும் யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். உண்மைதான், என் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மெஷின் பக்கத்தில் போய் நின்று யோசித்தேன். பறக்கும்போது வரும் கோளாறு தரையில் வராது என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த தலைவலி. அதனால்தான் விமானம் இறங்கியதும் முதலில் பைலட்டைப் பிடிப்போம். எப்போது வந்தது, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன செய்தீர்கள், எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரையே எடுப்போம். இங்கே நான் வந்ததும் மூடியைக் கழற்றிவிட்டேன். மெஷினோடு மணிக்கணக்காகக் கட்டிப்போட்டது மாதிரி கிடக்கிற ஆள் வெளியே பெஞ்சில் இருக்கிறார், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்ப ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன முறை அலாரம் அடிப்பதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"என்ன நடந்துச்சு, படுத்துக் கெடந்தேன்."

அதற்கும் முன்னால்?

"ஏசி காத்து நேரா மூஞ்சில அடிச்சுது. குளிருதும்மான்னேன். இந்தப் பொண்ணு கட்டில அப்படி நகத்துச்சு. மெஷினயும் என் பக்கமா திருப்பி வச்சுது."

என் பின்னாலேயே வந்து நின்ற டெக்னீஷியன் பெண்ணும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு முந்தைய முறை அலாரம் அடித்ததும் இவருக்குத்தான், அன்றும் கட்டிலை நகர்த்தினேன் என்றாள்.

உள்ளே போய் மெஷினைச் சுவரோடு பழையபடி தள்ளினோம். கட்டில் பக்கமாகத் திருப்பினோம். நான் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரிலிருந்து மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ் ஒரு இடத்தில் தொளதொளத்துப் போயிருந்தது. மெஷினைத் திருப்பினால் அந்த இடம் மடங்கிக்கொண்டது. உள்ளே வரும் தண்ணீர் குறைய, இருக்கிற தண்ணீர் கூடுதலாகச் சூடானது. கொஞ்ச நேரத்தில் அலாரம் அடித்தது. வாழ்க்கையில் ஒரு அலாரத்தைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. காலையில் சோதிப்பதற்காக மெஷினை வெளியே இழுத்தேனே, அப்போதே ஹோஸ் நிமிர்ந்து, கோளாறும் போய்விட்டது. ஒயர்க்காரன் என்பதால் நான் ஒயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஸ்டோரிலேயே புது ஹோஸ் இருந்தது. மாற்றி, மெஷினைக் கழுவ விட்டு, இந்த முறை அது நிற்கவேண்டிய இடத்திலேயே நிறுத்தி, எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன். தண்ணீரின் சூட்டைத் தனி மீட்டரிலும் அளந்து பார்த்தோம். டியூட்டி டாக்டர் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சரி என்றார். துணியை அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகும் ஹோஸை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். ஏனென்றால் படையில் நான் பார்த்த வேலையை இன்னொருவர் பார்த்து உறுதி செய்யாமல் எதுவும் கிளம்பியதில்லை.

நான் இருந்த பிரிவில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய பழுது பார்த்தபின் நடக்கும் முதல் சோதனைப் பறப்பில், வேலை பார்த்தவனும் கூட ஏறிப் பறக்க வேண்டும். எங்கள் சீனியர்கள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், ஆனால் ஸ்க்ரூவை இறுக்கும்போது எல்லோருக்கும் அது ஞாபகத்தில் இருக்கும். ஆகவே ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப்போட்டு அந்த மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அக்கா முதலில் என்னைக் கிண்டல் செய்தார். "கூடவே குந்திக்கினு இருக்கியே, நீ பண்ண ரிப்பேர் மேல உனக்கே நம்பிக்க இல்லயா?" என்றார். பிறகு விமானத்துக்குள் கழிவறை எப்படி இருக்கும் என்று கேட்டார். போர் விமானத்தில் அது இல்லை என்றதும் அந்தப் பைலட்டுகளுக்காக மிகவும் வருத்தப்பட்டார். நடுவில் குளிர்கிறது என்றார். கட்டிலை நகர்த்தி, மெஷினை அவர் பக்கமாகத் திருப்பினோம். நானும் டெக்னீஷியன் பெண்ணும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அவர் தூங்கிப்போனார். வெளியே மழை வலுத்து, விட்டு, மறுபடி வலுத்தது.

எல்லாம் முடிந்து ஊசியைக் கழற்றிக் கட்டுப் போட்டதும், எழுந்து உட்கார்ந்து, காலைக் கீழே வைத்துப் பார்த்தார். செருப்பின் வார் மாட்டிக்கொண்டது.

"பத்திரமா எறக்கி உட்டுட்டப்பா" என்றார்.

தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமாகிவிட்டது. சிவப்புத் துணி இன்றைக்கும் என் பையில் இருக்கிறது, தேவைப்படும்போது தயங்காமல் கட்டவும் செய்கிறேன். ஆனால் முடிச்சுப் போடுவதற்கு முன் ஒருமுறை வெளியே போய், பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருகிறேன்; இருந்தால், அவர் போய் நிற்க ஓர் இடம் தேடிக்கொடுப்பதும் என் வேலைதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.