அரீபாவின் தூக்குவாளி

என் மனைவி ஷரீபாவோடு கடைத்தெருவுக்குப் போனால் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது. வடைக் கடையைக் கண்டால் நின்றுவிடுவாள். வாங்கமாட்டாள். ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, "போதும், வாங்க" என்பாள். கல்யாணமான புதிதில் கஞ்சத்தனம் என்று நினைத்துக் கிண்டல் செய்திருக்கிறேன். அது அவள் வளர்ந்த விதம்.

அவளுடைய அத்தா தள்ளுவண்டியில் பழம் விற்றவர். பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் ஒரே அறை. அதில் அத்தா, அம்மா, ஷரீபா, தங்கை அரீபா. நோன்பு மாதம்தான் அந்த வீட்டுக்குத் திருவிழா. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் பின்வாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். பாத்திரத்தோடு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அகப்பை. அதனால் அரீபா நடக்கப் பழகியதுமே அவள் கையிலும் ஒரு தூக்குவாளியைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் நசுங்கிய வாளி, மூடி பொருந்தாது. லொடக் லொடக்கென்று சத்தத்தோடு அக்காவின் பின்னால் வருவாள். வழியில் வடைக் கடைக்காரரிடம் இரண்டு பேரும் வடை உதிர்ந்த தூள் கேட்பார்கள். அவரும் ஒரு தாளில் அள்ளிக் கொடுப்பார். நோன்பு திறக்கும் பாங்கு சொன்னதும் கஞ்சியில் அதைத் தூவிக் குடிப்பார்கள். கறித்துண்டு யாருக்குக் கிடைக்கிறதோ அவள் பாதியைக் கடித்துவிட்டு மீதியை மற்றவள் கிண்ணத்தில் போட வேண்டும். அவர்களாக வைத்துக்கொண்ட சட்டம்.

ஒரு நோன்பு மாதத்தின் நடுவில் அரீபா காய்ச்சலில் மௌத்தானாள், அடக்கமும் முடிந்தது. ஆறு வயது.

சில நாள் கழித்து அம்மா பழக்கத்தில் இரண்டு வாளியையும் கழுவி நீட்டியிருக்கிறார். ஷரீபாவும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கஞ்சி ஊற்றும் பாவா அன்றுதான் வெளியூரிலிருந்து திரும்பியிருந்தார்.

"தங்கச்சி எங்க?"

"காய்ச்ச. வூட்ல இருக்கா."

அவர் இரண்டையும் நிரப்பிக் கொடுத்தார். பிறகு விஷயம் தெரிந்திருக்கும். ஆனாலும் நோன்பு முடியும்வரை இரண்டிலும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்த வருஷந்தாங்க எங்க வூட்ல எல்லாருக்கும் வயிறு ரொம்பிச்சு," என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. எனக்குத் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை, அவளுக்கு லாஸ்பேட்டையில் ஆபீஸ் வேலை, குடியிருப்பு சாரம் பகுதியில். ஆனாலும் நோன்பு வந்தால் இரண்டு வாளியோடு பழைய பள்ளிவாசலுக்கே போவாள். நசுங்கிய வாளிக் கஞ்சியை நாங்கள் தொடுவதில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடப்பாள். மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பாள். அப்படியும் பின்னால் லொடக் லொடக்கென்று கேட்குமாம். திரும்பிப் பார்க்கமாட்டாள். பார்த்தால் நின்றுவிடும், நின்றால் தங்கை ஒரேயடியாகப் போய்விடுவாள் என்று பயம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்திருக்கிறேன். ஒருநாள் கூடப் போனேன். எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு சிரிப்பதில்லை.

இந்த நோன்பில் எங்கள் மகள் லமீஸ் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவளுக்கும் ஆறு வயது. ஷரீபா பிள்ளையின் பக்கத்தை விட்டு நகரவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்த லமீஸ், அந்த நசுங்கிய வாளியைத் தூக்கிக்கொண்டு, "நானும் கஞ்சி வாங்க வரேம்மா" என்றாள்.

"வையிடி அத," என்று ஷரீபா பிடுங்கினாள். "ஏங்க, இந்த வாளி இவ கைக்கு மாறுனா அரீபா இவளையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவா."

லமீஸ் அழ ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கொஞ்சம் முரடன்.

"செத்த புள்ளைக்குப் பயந்து உசுரோட இருக்கற புள்ளைய அழ வைக்கிறியா?"

வாளியை வாங்கி, துணியை அவிழ்த்து, மகள் கையிலேயே கொடுத்தேன். மூவருமாகப் போனோம்.

பாவா இப்போது கஞ்சி ஊற்றுவதில்லை. கண் மங்கி, நினைவும் தடுமாறி, அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூடிச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினார். கையை நீட்டி வாளியின் நசுங்கலைத் தடவினார்.

"அரீபாவா? காய்ச்ச வுட்டுடுச்சாம்மா?"

ஷரீபா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"வுட்டுடுச்சு தாத்தா," என்றாள் லமீஸ்.

"அல்ஹம்துலில்லாஹ். இனிமே அக்காவத் தனியா அனுப்பாத."

திரும்பும்போது மூடிச் சத்தம் எங்களுக்கு முன்னால் போனது. பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. ஷரீபா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். வெறும் தெரு.

பாங்கு சொன்னதும் லமீஸ் தன் வாளிக் கஞ்சிதான் வேண்டும் என்றாள். ஊற்றிக் கொடுத்தேன். அதில் ஒரு கறித்துண்டு இருந்தது. பாதியைக் கடித்துவிட்டு மீதியை அம்மாவின் கிண்ணத்தில் போட்டாள். அந்தச் சட்டத்தை நாங்கள் அவளுக்குச் சொன்னதே இல்லை.

ஷரீபா அதை விரலால் எடுத்தாள்.

"இத நான் தின்னுட்டா அவ போயிடுவாளாங்க?"

தெரியவில்லை என்றேன். அழுதுகொண்டே தின்றாள். லமீஸ் கிண்ணத்தை வழித்து வைத்துவிட்டு அம்மாவின் மடியில் சாய்ந்தாள்.

"வயிறு ரொம்பிடுச்சு," என்றாள்.