அச்சாறுக்காரியின் முதுகு

போன மாதம் உம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் ஆறு பேர் பேசினார்கள். சமூக சேவகி, முன்மாதிரிப் பெண்மணி என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார்கள். அவர் என்ன வேலை செய்தார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக் கூசினார்கள். நான் சொல்கிறேன். உம்மா மையத்துக் குளிப்பாட்டினார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்துபோனால், அடக்குவதற்கு முன் அந்த உடம்பைக் கழுவி, கபன் துணி சுற்றிக் கொடுப்பவர் அவர்தான். முப்பது வருடமாக.

நாங்கள் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். மாம்புரிக்கு இப்பால், கற்பிட்டிப் பாதையோரம் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். நான் பிறந்ததே இந்த மண்ணில்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் எனக்கு அகதி என்றுதான் பெயர். எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காத வீடுகள்கூட, மௌத்து விழுந்தால் உம்மாவைத் தேடி ஆள் அனுப்பின. எனக்கு அப்போதே கோபம் வரும். உம்மாவுக்கு வராது. இரண்டு பேருக்குமான கோபத்தையும் நானே வைத்துக்கொண்டேன்.

குளிப்பாட்டி முடித்து வீட்டுக்கு வந்தால், தானும் குளித்து உடுப்பு மாற்றி, ஒரு ப்ளேன்டீ கேட்பார். பார்த்ததைப் பற்றி வாய் திறக்க மாட்டார். இறந்தவரின் குறையை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உம்மா நல்லதையும் சொல்ல மாட்டார்.

“ஆள் எப்படி உம்மா இருந்திச்சு?”

“குளிச்ச ஆள் மாதிரி இருந்திச்சு.”

ஒரு நாள் வாப்பா சீண்டிப் பார்த்தார். “நல்லதச் சொன்னா நன்மதானே புள்ள?”

“ஒருத்திய பளிச்செண்டு இருந்தா எண்டு சொல்லிப்போட்டு, அடுத்தவவப் பத்தி நான் பேசாம இருந்தா, சனம் அவவ என்னெண்டு நினைக்கும்?”

வாப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு மனுசி அச்சாறு விற்பார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அவருடைய வாளியிலிருந்து ஒரு துண்டு மாங்காயைக் களவெடுத்தேன். பிடிபட்டேன். அவர் என் காதைத் திருகி, “அகதிக்குக் களவு வேறயா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கொஞ்ச நாளில் அந்த மனுசி மௌத்தாகிவிட்டார். வழக்கம்போல உம்மா போய்க் குளிப்பாட்டினார். மறுநாள் இடைவேளையில் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“உங்கட உம்மா என்னடி சொன்னா? ஒடம்புல ஏதும் கிடந்திச்சாமா?”

அதுவரை என்னைச் சுற்றி அத்தனை பேர் நின்றதில்லை. பாவம் செய்தவரின் மையத்து கறுத்துப்போகும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது.

“முதுகு முழுக்கக் கரிக்கட்டி மாதிரி கறுப்பாம்.”

“ஆரு சொன்ன?”

“உம்மாதான்.”

மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை. எனக்கு அச்சாறு தின்றதுபோல இருந்தது.

பின்னேரத்துக்குள் அந்தக் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் எங்கள் ஒழுங்கையிலேயே, சில வீடுகள் தள்ளி, ஒரு மௌத்து. உம்மா உடுத்திக்கொண்டு, ஆள் வருமென்று வாசலில் காத்திருந்தார். அவர்கள் கனமூலை என்ற ஊரிலிருந்து வேறொரு பெண்ணைக் கூட்டி வந்து குளிப்பாட்டினார்கள். உம்மா உடுத்த உடுப்போடு மத்தியானம் லுகர் தொழுகை வரை எங்கள் வாசலிலேயே இருந்தார். ஏனென்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பேசாமல் இருந்தேன்.

அன்று பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு, அச்சாறுக்காரியின் மகள் வந்தார். இருபது வயதிருக்கும். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“ராத்தா, என்ட உம்மாட முதுகு கறுத்துக் கிடந்திச்செண்டு நீங்க சொன்னீங்களாமே?”

உம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, என்னைக் கதவுக்குள்ளிருந்து இழுத்தெடுத்தார்.

“சொல்லு.”

“பொய்” என்றேன். “நான் சும்மா சொன்ன.”

உம்மா அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அப்ப நல்லா இருந்திச்சா ராத்தா?” அந்தப் பெண் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அத மட்டும் சொல்லுங்க.”

சொல்லுங்களேன் உம்மா என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஒரு ஓம் போதும். அந்தப் பெண் ஊரெல்லாம் சொல்லுவார். உம்மாவை மறுபடி கூப்பிடுவார்கள்.

“நான் கண்டதச் சொல்ல மாட்டன், மகள். ஆருக்கும் சொன்னதில்ல.”

அந்தப் பெண் அப்படியே மணலில் குந்திவிட்டார். “அண்டைக்கு வந்து தண்ணி ஊத்துங்க எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டீங்க. நான் பயத்துல குசினிக்குள்ள அடுப்படியிலயே நிண்டுட்டன். என்ட உம்மாவ நான் தொடவே இல்ல, ராத்தா.”

உம்மா அடுப்பை மூட்டித் தண்ணீரைச் சூடாக்கினார். கிணற்றடியில் கிடந்த வாங்குப் பலகையில் என்னைப் படுக்கச் சொல்லி, கழுத்திலிருந்து கால்வரை ஒரு சீத்தைத் துணியால் மூடினார்.

“நான் என்ன செஞ்சன் எண்டு காட்டுறன். எழும்பி வாங்க.”

முதலில் சூடு பார்க்கச் சொன்னார். “மணிக்கட்டுல ஊத்திப் பாருங்க. பச்சப் புள்ளைக்குப் பாக்கிற மாதிரி.” தலையைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். “வலப்பக்கம் முதல்ல. துணிய விலக்கக் கூடாது. அதுக்குக் கீழால கைய விடுங்க. அமத்தாதீங்க, மெதுவா.”

“உம்மா, கண்ணுக்குள்ள தண்ணி போகுது.”

“வாய மூடு. மையத்து கதைக்காது.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் அது வேறு சத்தமாக மாறியது. என்னை ஒருக்களித்துப் பிடித்தார்கள். முதுகுக்கு வந்ததும் அந்தக் கை அசையவில்லை. நெடுநேரம் அங்கேயே இருந்தது. உம்மாவும் அவசரப்படுத்தவில்லை. காற்று அடித்து எனக்குக் குளிர்ந்தது. இதைவிட இரண்டு அடி போட்டிருக்கலாம் என்று மனதுக்குள் உம்மாவைத் திட்டினேன்.

பிறகு அந்தப் பெண்ணே எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய் என் பொய்யைச் சொன்னார். அடுத்த மௌத்துக்கு உம்மாவைக் கூப்பிட்டார்கள். அதெல்லாம் பிறகு.

அன்று கடைசியில் என் தலைமயிரை மூன்றாகப் பிரித்து எப்படிப் பின்னுவதென்று உம்மா காட்டினார். அந்தப் பெண் பின்னி முடித்தார். துணியைக் கழுத்துவரை இழுத்துச் சரி செய்தார். பிறகு குனிந்து என் நெற்றியில் முத்தமிட்டார். மூக்கும் கண்ணும் வழிந்து என் முகமெல்லாம் ஈரம். எனக்கு அருவருத்தது. பொய் சொன்ன என்னை மன்னித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, புறங்கையால் அதைத் துடைத்தேன்.