தேசிக்காய் வைத்த தபால் விமானம்

போன கிழமை வின்டர்தூர் நகரத் தமிழ்க் கடையில் ஆமணக்கெண்ணெய்ப் போத்தலொன்று என் கை தவறி உடைந்தது. கடை முழுக்க மணம். எங்கள் ஊர்க்காரருக்கு அந்த மணம் வந்தால் பேதிக்குக் குடித்த காலைகள் ஞாபகம் வரும். எனக்கு வந்தது விமானம்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஊஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் பழைய விமானங்களை வைத்திருந்த கூடமொன்றில் துப்புரவு வேலை பார்த்தேன். கூட வேலை செய்தவர் சிவம் அண்ணை. அங்கே ஆதிகாலத்துத் தபால் விமானம் ஒன்று இன்னும் பறக்கிற நிலையில் இருந்தது. அதன் எஞ்சினுக்கு ஊற்றுவது ஆமணக்கெண்ணெய்தான். கூரையில்லாத இருக்கையில் இருக்கும் விமானியின் முகத்திலும் வாயிலும் அது தெறித்தபடி இருக்கும். அந்தக் கால விமானிகளுக்குப் பனிமூட்டம், மலை, குளிர், நடுவானில் நின்றுபோகும் எஞ்சின் என்று ஆபத்துகள் பல. மேலே வயிற்றைக் கலக்கினால் எங்கே இறங்குவது என்பதும் அதில் ஒன்று. அதற்காக யாருக்கும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

ஆண்டுக்கொரு தடவை ரூடி என்கிற வயதான விமானி அதைப் பழைய முறைப்படியே, ரயில் பாதையைப் பார்த்துப் பார்த்து ஓட்டிப்போய், தபால் மூட்டையொன்றை ஏற்றிக்கொண்டு திரும்புவார்.

சிவம் அண்ணைக்கு எந்த வாகனமென்றாலும் புறப்படுமுன் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாக வேண்டும்; சக்கரம் ஏறி அந்த எலுமிச்சை நசிந்தால்தான் பயணத்துக்கு ஆபத்தில்லை என்பார். வைத்தார். ரூடி குனிந்து பார்த்தார். "நல்ல பழம், ஏன் வீணாக்குவான்?" என்று ஜெர்மனில் சொல்லி, எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பறந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் இறங்கியது.

"தம்பி, தேசிக்காய் நசியேல்லை."

"அதுக்கு இப்ப என்ன அண்ணை?"

"அந்தாள் திரும்பி வருமோ?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அண்ணை கூட்டின நிலத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினார்.

மாலையில் ரூடி நடந்து வந்தார். முகமெல்லாம் எண்ணெய், தோளில் தபால் மூட்டை. எஞ்சின் நின்றுபோக, மாடுகள் மேய்ந்த புல்வெளியில் இறக்கிவிட்டு ரயிலேறி வந்திருக்கிறார். அந்தக் கால விமானிகளும் அப்படித்தானாம், தபால் நிற்கக்கூடாதாம். பிறகு தேநீர் ஊற்றி, பையிலிருந்த தேசிக்காயைப் பிழிந்தார்.

அண்ணைக்குக் கண் கலங்கியது. உடனே கோபமும் வந்தது. "தேத்தண்ணிக்கோ நான் உந்தத் தேசிக்காயை வச்சனான்?" என்று தமிழிலேயே கேட்டார். ரூடி மரியாதையாகத் தலையாட்டி நன்றி சொன்னார்.

அடுத்த ஆண்டு ரூடி உடனே விமானத்தில் ஏறவில்லை. சில்லுகளைக் கைகாட்டிவிட்டு, அண்ணை தேசிக்காய் கொண்டு வரும்வரை காத்து நின்றார்.

ரூடி பிறகு தன் கட்டிலிலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அண்ணை டீட்டிகோனில் மகளோடு இருக்கிறார். கடையில் எண்ணெயைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு தேசிக்காய் வாங்கிக்கொண்டு நேரே அந்தக் கூடத்துக்குப் போனேன். விமானத்தைக் கம்பி கட்டிக் கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். எண்ணெயை வடித்துவிட்டதால் மணமே இல்லை. சில்லுகள் என் தலைக்கு மேலே நின்றன. கீழே வைத்து என்ன பயன்?

வீட்டுக்குக் கொண்டுவந்து தேநீரில் பிழிந்து குடித்தேன். நல்ல பழம், ஏன் வீணாக்குவான்.